ஊதா வெளிச்சத்தில் சிலுவையம்மாள்

மெர்லின்: காதுல இருந்து அத்த எடு.

ஜெரி: எத்த?

மெர்லின்: முடிக்குள்ள ஒளிச்சு வெச்சிகினு கீறியே, பாட்டு கேக்கற அந்த ப்ளூடூத் பட்டாணிய. காலையில இருந்து பாத்துகினு கீறேன். ‘கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் செவிசாய்க்க வேண்டும்’னு ஷெர்லின் டீச்சர் சொல்றாங்க, உன் முட்டி மட்டும் தனியா ஆடிகினு கீது.

ஜெரி: கொசு கடிச்சுது.

மெர்லின்: தாளம் தப்பாமலா?

ஜெரி: கோயில் கொசு மே. கொயர்ல சேந்திருக்கும்.

மெர்லின்: கொயர்ல கீபோர்டு வாசிக்கறவ நானு. எனக்குத் தெரியாத கொசுவா?

ஜெரி: தெரியும் தெரியும். காணிக்கைப் பாட்டுல கோணலா வாசிச்சு ஃபாதர்கிட்ட திட்டு வாங்குனவதான நீ.

மெர்லின்: யாரு சொன்னா?

ஜெரி: உங்க கஸ்பார் சித்தப்பா. ‘பாட்டு பீடத்துக்குப் போவாம அங்கயே ராட்டினம் சுத்துச்சு’ன்னாரு.

மெர்லின்: அந்தாளு வாயி… சரி, பேச்ச மாத்தாத. பொட்டலத்தப் பிரி. சாப்ட்டு முடிக்கறதுக்குள்ள சொல்லிக்கணும்.

ஜெரி: இன்னாத்த சொல்லிக்கணும்?

மெர்லின்: பாத்தியா. காதுல பட்டாணி இருந்தா எப்டிக் கேக்கும்? கல்யாணம் பண்ணிக்கப் போறவங்க இதுவரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லாத ஒரு விசயத்த சொல்லிக்கணுமாம். ஆளுக்கு ஒண்ணு. உள்ள போய் ‘சொல்லிட்டோம்’னு சொன்னா போதும். இன்னான்னு டீச்சருக்கு வாணாம்.

ஜெரி: சொல்லாமலே சொல்லிட்டோம்னு சொன்னா?

மெர்லின்: கல்யாணத் தயாரிப்பு வகுப்புலயே பொய்யா. நல்லா வெளங்கும் குடும்பம்.

ஜெரி: சரி, எழுதிக்கோ. எனக்குப் பாவக்கா ஆவாது.

மெர்லின்: அது உங்கம்மா மொத நாளே சொல்லிட்டாங்க.

ஜெரி: காலேஜ பாதியில வுட்டுட்டேன்.

மெர்லின்: அதுவும் சொல்லிட்டாங்க. எண்ணூர் கரண்டு கம்பெனியில நிலக்கரி போற பெல்ட்டு பாத்துக்கற வேல, எப்பவும் நைட் ஷிப்டு, பகல்ல பொணம் மாதிரி தூங்குவ, எழுப்புனா கடிப்ப. எல்லாம் ஆச்சு. புச்சா எதுனா சொல்லு.

ஜெரி: நீ மொதல்ல சொல்லு.

மெர்லின்: அஸ்கு புஸ்கு. காதுல பட்டாணி வெச்சவன்தான் மொதல்ல. அங்க பாரு, அந்த மாத்தூர் ஜோடி. பொண்ணு அழுதுகினு கீது. அவங்க சொல்லிட்டாங்க.

ஜெரி: அது தயிர்சாதத்துல மொளகா கடிச்சிருக்கும்.

மெர்லின்: நீயும் கடி, ஜல்தியா. அதுவரைக்கும் அந்தப் பட்டாணி என் காதுல… குடு இப்டி.

ஜெரி: ஏய்… ஏய், புடுங்காத…

மெர்லின்: ம்ம்.

ஜெரி: இன்னா ம்ம்?

மெர்லின்: எவன் வூட்லயோ தண்ணி மோட்டாரு ரிப்பேரு.

ஜெரி: இதுக்குத்தான் குடுக்கல.

மெர்லின்: இரு, இரு. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?

ஜெரி: இதான் பாட்டு.

மெர்லின்: பாடறவன்?

ஜெரி: யாரும் பாட மாட்டான்.

மெர்லின்: ஏன், கூலி குடுக்கலியா?

ஜெரி: கலாய்ச்சு முடிச்சிட்டு சொல்லு. நான் சாப்டறேன்.

மெர்லின்: கோச்சுக்காதபா. பேராச்சும் சொல்லு.

ஜெரி: டிரான்ஸு. இப்ப ஓடறது கோவா டிரான்ஸு. பழைய சரக்கு, தொண்ணூறுல வந்தது. ஊரு ஊரா சுத்தறவங்க கோவா பீச்சுல போட்டு ஆடுனது.

மெர்லின்: கோவாக்குப் போய்க்கீறியா?

ஜெரி: இல்ல.

மெர்லின்: கோவாவே பாக்காதவனுக்கு இன்னா கோவா டிரான்ஸு?

ஜெரி: நீ ரோம்ல போய்தான் கிறிஸ்தவச்சி ஆனியா?

மெர்லின்: …சரி. அது ஒண்ணு உனக்கு.

ஜெரி: நல்லா கேளு. கீழ ஒரு அடி வுழுந்துகினே கீது, அது மாறாது. அதுக்கு மேல ஒரு மெட்டு சுத்தும். அது மேல இன்னொண்ணு. கொடி மாதிரி ஒண்ண ஒண்ணு புடிச்சிகினு ஏறும். ஏறுதா?

மெர்லின்: ராட்டினம் மாதிரியா?

ஜெரி: அப்டித்தான் வெச்சுக்கோயேன்.

மெர்லின்: எல்லாம் இதே டுக்கு டுக்குதானா?

ஜெரி: இன்னா மே இப்டிக் கேட்டுட்ட. எத்தினி தினுசு கீது தெரியுமா? இதுலருந்து பிரிஞ்சு வந்தது சைக்கெடெலிக்கு. அதுல மெட்டு கம்மி, அடி ஜாஸ்தி. ப்ரோக்ரெசிவ்னு ஒண்ணு கீது, நிதானம். விம்கோ நகர்ல மின்சார ரயிலு கெளம்பும் பாரு, அப்டி. அவசரப்படாது. நிக்கவும் செய்யாது.

மெர்லின்: நிக்காதா? அப்ப நான் எப்டி ஏர்றது?

ஜெரி: ஓடி ஏறு. அப்பால ஃபுல்-ஆன். அது விடியற பாட்டு. தேர் பவனி அன்னிக்கு பேண்டு செட்டு தெருமொனை திரும்பும்போது வயித்துல ஒண்ணு எழும்பும்ல… அதையே இழுத்து இழுத்து வெச்சிகினு இருக்கும். ஷிப்டு முடியறப்ப அதான் போடுவேன்.

மெர்லின்: நடு ஷிப்டுல?

ஜெரி: டார்க்கு. மெட்டே இருக்காது. முழு இருட்டு.

மெர்லின்: காசு குடுத்து பயந்துக்கறியா?

ஜெரி: சாம்பல் குட்டை ஓரமா தனியா ரவுண்டு போ, தெரியும். காதுக்குள்ள அத்தினி இருட்டு இருந்தா வெளிய கொஞ்சம் வெளிச்சமாத் தெரியும். அவ்ளோதான். ஃபாரஸ்ட்டுன்னு இன்னொண்ணு. தவளை, பூச்சி, தண்ணி சொட்டற சத்தம் எல்லாம் உள்ள வரும்.

மெர்லின்: காடு நீ எங்க கண்ட?

ஜெரி: எனக்கு எண்ணூர் கழிமுகம்தான் காடு. மழ பேஞ்ச மறுநாள், தவளை ஒரு பக்கம், குழாய்ல ஆவி வுடறது ஒரு பக்கம். எது பாட்டுல வருது, எது வெளிய வருதுன்னே தெரியாது. ஹைடெக்குனு ஒண்ணு, அது எனக்கே கொஞ்சம் ஓவரு. காசிமேட்டு மீன் ஏலம்.

மெர்லின்: எங்க நைனா டெய்லி விடிகாலையில அத்தக் கேக்கறாரு. ஓசியில.

ஜெரி: ஏய்.

மெர்லின்: இன்னா?

ஜெரி: உன் வெரலு இன்னா பண்ணுது?

மெர்லின்: இன்னா பண்ணுது?

ஜெரி: மொதமொத கேக்கறவங்க எல்லாரும் அடிக்குத்தான் தட்டுவாங்க. நீ அடிக்கும் அடிக்கும் நடுவுல மூணு மூணா தட்டற. பேஸு ஓடற எடத்துல.

மெர்லின்: ஊறுகா கவரு ஒட்டிகினுச்சு. உதறுனேன்.

ஜெரி: தாளம் தப்பாமலா?

மெர்லின்: கோயில் ஊறுகா. மொறைக்காத. ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லு. முப்பது வருசமா ஒரே அடி. உனக்கு சலிக்கல?

ஜெரி: ஜெபமாலை சலிக்குதா உனக்கு?

மெர்லின்: அது வேற.

ஜெரி: இன்னா வேற? ‘அருள்நிறைந்த மரியே’, திருப்பி ‘அருள்நிறைந்த மரியே’. வார்த்த மாறாது. மணி மட்டும் நவுரும். முதல் பத்து மணியில கேஸ் அடுப்ப அணைச்சமான்னு யோசிப்ப. அப்பால எதிர் வூட்டுக்காரிய யோசிப்ப. எங்கயோ ஒரு எடத்துல யோசிக்கறது நின்னு போவும். வாய் மட்டும் ஓடும். அந்த எடத்துக்குத்தான் எல்லாரும் போறாங்க. நான் இந்தப் பக்கமா போறேன்.

மெர்லின்: இத்த டீச்சர்கிட்ட சொன்னா மண்டி போட வெப்பாங்க.

ஜெரி: அதனாலதான் உங்கிட்ட சொல்றேன். வார்த்தயும் கெடையாது பாரு, அதான் பழசாவல. பாட்டுல காதல் கீதல்னு எதுனா சொன்னாதான ‘இது எங்கப்பா காலத்துது’ன்னு தோணும். இது எதையும் சொல்லல. எவனோ இன்னிக்கும் எங்கயோ இதே மாதிரி புச்சா பண்ணிகினு கீறான். நானும் கேட்டுகினு கீறேன்.

மெர்லின்: கஞ்சா வுட்டாத்தான் புரியும்ன்றாங்களே?

ஜெரி: யாரு சொல்றாங்க?

மெர்லின்: பொதுவா.

ஜெரி: இப்பதான் பேரே தெரியாதுன்ன?

மெர்லின்: இன்னா போலீஸ் மாதிரி… கேட்டா பதில் சொல்லுபா.

ஜெரி: சுக்கு காபி. பிளாஸ்க்கு நெறைய. ஓடற பெல்ட்டு பக்கத்துல போதையில நின்னா கைய அங்கயே வெச்சிட்டு வரணும். எனக்குக் கை வோணும்.

மெர்லின்: நல்ல பதிலு. அப்ப இதுல ஒளிக்கறதுக்கு இன்னா கீது? பாட்டு கேக்கற. கேட்டுட்டுப் போ. பொட்டு மாதிரி ஏன் முடிக்குள்ள ஒட்டி வெச்சிகினு…

ஜெரி: வுடு. இதான் என் ரகசியம். பாட்டு கேப்பேன். சொல்லிட்டேன். உன்னுது சொல்லு.

மெர்லின்: ஜகா வாங்காத. பாட்டு இல்ல விசயம். நீ பேசும்போது வாசப் பக்கமே பாத்துகினு கீற. யாரு வராங்க?

ஜெரி: லாரி சத்தம்… பாத்தேன்.

மெர்லின்: ராயபுரத்துல லாரி சத்தம் கேட்டு திரும்பிப் பாத்த மொத ஆளு நீதான்.

ஜெரி: …எங்கம்மாக்கு சத்தியம் பண்ணிக்கீறேன்.

மெர்லின்: இன்னான்னு?

ஜெரி: இந்தப் பாட்ட வுட்டுட்டேன்னு. கல்யாணம் முடியற வரைக்கும் உங்க வூட்ல ஒருத்தருக்கும் இது தெரியக் கூடாதுன்னு. பைபிள் மேல கை வெக்க சொன்னாங்க. வெச்சேன்.

மெர்லின்: டுக்கு டுக்குக்கு பைபிளா?

ஜெரி: மொதல்ல பேசுன கல்யாணம் இதுலதான் நின்னு போச்சு.

மெர்லின்: அந்த ஜானட்டு… அவளுக்கு குவைத் மாப்ள கெடச்சான்னு சொன்னாங்க.

ஜெரி: குவைத்து அப்பால வந்துச்சு. அப்டி சொல்லிக்கலாம்னு ரெண்டு வூட்டுக்காரங்களும் பேசி முடிவு பண்ணிகினாங்க. நெசம் வேற.

மெர்லின்: சொல்லு.

ஜெரி: சிரிக்கக் கூடாது.

மெர்லின்: சிரிக்கல.

ஜெரி: என் தோஸ்து ஷாரிக்கு, வண்ணாரப்பேட்டக்காரன், கோவா போயிருந்தான். அங்கருந்து எனக்கு ஒரு துணி எத்துகினு வந்தான். இந்தப் பாட்டுக்காரங்க பின்னால தொங்க வுடுவாங்க. கறுப்புத் துணி, தாடி வெச்ச ரிஷி ஒருத்தரு, நெத்தியில பெருசா ஒரு கண்ணு, தலையில இருந்து கொடி கொடியா கெளம்பும். சாதா லைட்டுல ஒண்ணியும் தெரியாது. ஊதா டியூப்லைட்டு ஒண்ணு விக்கறாங்க, அத்தப் போட்டா சாயம் பச்சையா, ஆரஞ்சா எரியும்.

மெர்லின்: உன் ரூம்ல மாட்டிட்ட.

ஜெரி: மாட்டிட்டேன். கோயில்ல எங்க கல்யாண அறிவிப்போட மொத ஓலை படிச்சு முடிச்ச வாரம், ஜானட்டோட அத்த வூடு பாக்க வந்துச்சு. சிலுவையம்மாள். பூசை முடிச்சு நேரா வந்திருக்குது, வெள்ளப் பொடவ, தலையில வெள்ள முக்காடு. எங்கம்மா டீ போட உள்ள போய்ட்டாங்க. இது ‘பையன் ரூமு எது’ன்னு தானா கதவத் தொறந்து, ஜன்னல் சாத்தி இருட்டா கீதேன்னு சுவிட்ச தட்டுச்சு.

மெர்லின்: ஊதா டியூப்பு.

ஜெரி: ரிஷி எரியறாரு. அந்தம்மா கத்தல. குனிஞ்சு தன்னப் பாத்துச்சு. அந்த லைட்டுக்கு வெள்ளத் துணியும் எரியும். பொடவ, முக்காடு எல்லாம் ஜெகஜோதியா கீது. ‘நான் செத்துட்டனா’ன்னு கேட்டுச்சு.

மெர்லின்: ஐயோ…

ஜெரி: நான் கட்டில்ல படுத்துகினு இருந்தேன். நைட் ஷிப்டு பாத்த ஆளு. எழுந்து, ‘இல்ல அத்தே, உள்ள வாங்க’ன்னு சிரிச்சேன். பனியனு வெள்ள. பல்லு அதுக்கு மேல.

மெர்லின்: பல்லும் எரிஞ்சுதா?

ஜெரி: நீலமா. சிரிக்க மாட்டேன்ன?

மெர்லின்: சிரிக்கல, பொரையேறிச்சு… தண்ணி குடு… அப்பால?

ஜெரி: ‘அதிதூதரான மிக்கேலே’ன்னு பேய ஓட்டற ஜெபத்த ஆரம்பிச்சது, தெருமொனை வரைக்கும் நிறுத்தல. எங்கம்மா டீயோட நின்னுகினு கீறாங்க. ரெண்டாவது ஓலை படிக்கும்போது ஃபாதர் சொல்வாரு தெரியும்ல, ‘இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கவும்’னு.

மெர்லின்: அதுக்கு எந்தக் காலத்துலயும் யாரும் போய்த் தெரிவிச்சதில்ல.

ஜெரி: இது போச்சு. பூசை முடிஞ்சதும் ஃபாதர தனியா புடிச்சு, ‘பையன் வேதத்த வுட்டுட்டான், வூட்ல வேற பூஜை நடக்குது’ன்னு சொல்லிடுச்சு. ஃபாதர் என்னக் கூப்ட்டு விசுவாசப் பிரமாணம் சொல்ல சொன்னாரு.

மெர்லின்: சொன்னியா?

ஜெரி: போஞ்சு பிலாத்து பேரு வர்ற எடத்துல மட்டும் கொஞ்சம் திணறுனேன். ஃபாதருக்குப் புரிஞ்சுது. சிரிச்சிட்டு அனுப்பிட்டாரு. ஆனா பொண்ணு வூட்ல வாணாம்ட்டாங்க. மூணாவது ஓலை படிக்கல. எங்கம்மா அன்னிக்கு பெஞ்சுல குந்திகினு காத திறந்து வெச்சிருந்தாங்க, எப்டியாச்சும் பேரு வந்துடும்னு. வேற யாரு யாரோ பேரு வந்துச்சு. எங்கம்மா வூட்டுக்கு வந்து என்ன ஒரு வார்த்த கேக்கல. அதான், உங்க சம்பந்தம் வந்தப்ப அவங்க கேட்டதும் சத்தியம் பண்ணேன்.

மெர்லின்: அந்தத் துணி இன்னாச்சு?

ஜெரி: போச்சு. நான் ஷிப்டுக்குப் போயிருந்தப்போ சுருட்டி கோயில்ல பழைய துணி மூட்டையில போட்டுட்டாங்க. தவக்காலத்துல ஏழைங்களுக்கு சேப்பாங்கள்ல. எந்த ஏழை அத்தப் போத்திகினு தூங்கறானோ. துணி போனா மயிராச்சு. அது மூலையில ஒரு பென்டிரைவு முடிஞ்சு வெச்சிருந்தேன்.

மெர்லின்: அதுல?

ஜெரி: நான் கோத்த பாட்டு. ஷிப்டுக்கு ஏத்த மாதிரி, ஆரம்பம், நடு, விடியறதுன்னு. ஒண்ணு ஒண்ணும் ராத்திரி நீளத்துக்கு. ஒவ்வொண்ணு முடிவுலயும் என் கொரலு வேற பேசி வெச்சிருந்தேன்.

மெர்லின்: இன்னா பேசுன?

ஜெரி: வுடு. ரேடியோக்காரன் மாதிரி ஒரு உதாரு. யாரும் கேக்கப் போறதில்லன்னு பேசுனது.

மெர்லின்: இப்ப இத்த ஏன் எங்கிட்ட சொல்ற? சத்தியம் பண்ணிகினு கீறல்ல. ரெண்டு ஓலை முடிஞ்சாச்சு. வர்ற ஞாயித்துக்கெழம மூணாவது. வாயை மூடிகினு குந்தியிருந்தா முடிஞ்சு போச்சு.

ஜெரி: அதுக்கப்பால? உன் பக்கத்துல படுத்துகினு போர்வைக்குள்ள பட்டாணிய ஒளிச்சு வெக்கணும். உங்க வூட்டு ஆளுங்க வந்தா ஒவ்வொரு தபாவும் ஜன்னலத் தொறந்து வெக்கணும். என்னால ஆவாது மெர்லினு. இது இல்லாம அந்த பெல்ட்டு முன்னால ஒரு ராத்திரி கூட குந்த முடியாது. வேண்டாம்னா இப்பவே சொல்லிடு. நான் ஃபாதர்கிட்ட சொல்லிக்கறேன். உன் பேரு வராது.

மெர்லின்: எங்கம்மா இன்னா சொல்வாங்க தெரியுமா?

ஜெரி: தெரியும்.

மெர்லின்: தெரியாது. உங்கம்மா?

ஜெரி: அவங்க இன்னொரு தபா பெஞ்சுல குந்தி காதத் தொறந்து வெச்சிகினு… அத்த நெனச்சாத்தான் சோறு எறங்கல.

மெர்லின்: சோறு எறங்காதவன் என் பொட்டலத்தையும் சேத்து தின்னுட்டியே.

ஜெரி: ஏதாச்சும் சொல்லு மே. கலாய்க்காம.

உபதேசியார்: பிள்ளைங்களா, மணி அடிச்சாச்சு. எல்லாரும் உள்ள வாங்க. டீச்சர் காத்துகினு கீறாங்க.

மெர்லின்: வரோம் உபதேசியாரே. கை கழுவிட்டு.

ஜெரி: நீ உன்னுது சொல்லல.

மெர்லின்: நேரமாச்சுபா.

ஜெரி: டபாய்க்காத. நான் அடி வயித்துல இருந்து எடுத்து வெச்சிட்டேன். ஆளுக்கு ஒண்ணு. சொல்லிட்டு உள்ள போ, இல்ல உள்ளயே போவாத.

மெர்லின்: கஸ்பார் சித்தப்பா உங்க வூட்டத் தேடிகினு வந்து சம்பந்தம் பேசுனாரே. ஏன்னு யோசிச்சியா?

ஜெரி: எங்கம்மா இன்னும் யோசிச்சிகினு கீறாங்க. தெரிஞ்சவங்க யாரும் இல்ல, தரகர் இல்ல…

மெர்லின்: நான்தான் அனுப்புனேன்.

ஜெரி: நீயா? என்ன எங்க பாத்த?

மெர்லின்: பாக்கல.

ஜெரி: பாக்காம எப்டி?

மெர்லின்: தவக்காலத்துல சேக்கற துணி மூட்டையெல்லாம் எங்க வருது? திருவொற்றியூர்ல எங்க கோயில் ஹாலுக்குத்தான். பிரிச்சு அடுக்கறது கொயர் பொண்ணுங்க.

ஜெரி: …இல்ல.

மெர்லின்: காணிக்கைப் பாட்டுல ராட்டினம் சுத்துச்சுன்னு திட்டு வாங்குனேனே. அது உன் விடியற பாட்டுல கடசியில வருமே, அந்த சுத்து. ரொம்ப நாளா கேட்டுகினு இருந்ததால கை தானா போயிடுச்சு.

ஜெரி: மெர்லினு, வெளையாடாத. ஷாரிக்கு எதுனா சொன்னானா உங்கிட்ட?

மெர்லின்: ‘எண்ணூர்ல இருந்து நைட் ஷிப்ட் ஜெரி. பெல்ட்டு நின்னுடுச்சு. நான் வூட்டுக்குப் போறேன்.’

ஜெரி: ஏய், அது நான் பேசி வெச்சது.

மெர்லின்: கொரலு நல்லாத்தான் கீது. அந்தப் பேரையும் ஊரையும் வெச்சுத்தான் சித்தப்பா உங்க வூட்டக் கண்டுபுடிச்சாரு. உதாரு கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாம்.

ஜெரி: இத்தினி மாசமா தெரிஞ்சிகினே… மோட்டாரு ரிப்பேருன்ன, பாடறவன் எங்கன்ன… நான் சொல்லாம வுட்டிருந்தா இன்னா பண்ணியிருப்ப?

மெர்லின்: மூணாவது ஓலைக்கு சிலுவையம்மாள் மாதிரி நானே போய் ஃபாதர்கிட்ட நின்னுருப்பேன், உள்ளுக்குள்ள ஒரு ஆளு, வெளிய ஒரு ஆளுன்னு இருக்கறவன் எனக்கு வாணாம்னு. இப்பதான் சொல்லிட்டியே, எழுந்து வா. ரிஷி என் கட்டிலுக்கு எதிர் சுவத்துல நல்லாத்தான் கீறாரு, எங்கம்மா அவர பெட்ஷீட்டுன்னு நெனச்சிகினு கீது. நான் இன்னும் அவர எரிய வெச்சுப் பாக்கல… அந்த ஊதா டியூப்ப மட்டும் உங்கம்மா தூக்கிப் போடாம பாத்துக்கோ.